பெட்டியில் போட்ட பெயர்

படிவம் என்று ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால், அதில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட என்னால் முடியாது. டிராம்பேயில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் முப்பத்து நான்கு வருடம் குமாஸ்தாவாக இருந்ததால் ஒட்டிக்கொண்ட பழக்கம். கல்யாண வீட்டு வாசலில் வருகைப் பதிவு நோட்டு இருந்தால் பின்கோடு வரைக்கும் எழுதிவிட்டுத்தான் பந்திக்குப் போவேன். "முன்னாடி எழுதினவா விட்டுட்டுப்போன கட்டத்தையும் ரொப்பிட்டு வாங்கோ" என்று என் மனைவி கேலி செய்வாள். இப்போது செய்வதில்லை. அது எப்படி நின்றது என்று எழுத உட்கார்ந்தால் தப்பு முழுக்க என் மேல்தான் வருகிறது. வரட்டும்.

நாங்கள் செம்பூரில் இருக்கிறோம். எங்கள் பக்கத்துப் பெண்கள் மண்டலி என்று ஒன்று வைத்துக்கொண்டு சனிக்கிழமை சாயங்காலங்களில் பஜனை நடத்துகிறார்கள். பதினைந்து இருபது பேர். ஒவ்வொரு வாரமும் ஒருவர் வீடு. ஒருத்தி முதலில் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். எடுத்துக் கொடுப்பவள் என் மனைவி. மற்ற நாட்களில் அவள் சாதாரண மனுஷி. காய்கறிக்காரனோடு மராத்தியில் சண்டை போடுவாள், சீரியல் பார்த்து அழுவாள், எனக்குச் சர்க்கரை என்று காபியில் கால் ஸ்பூன்கூடப் போட மாட்டாள். சனிக்கிழமை சுருதிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் வேறு ஆள். இருபது பேரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். அதற்காகத்தான் அவள் வாரத்தின் மற்ற ஆறு நாட்களையும் ஓட்டினாள் என்று சொன்னால் மிகையில்லை.

அறுபது வயதை நெருங்கும்போது அவளுடைய இடது மார்பில் கட்டி வந்தது. பரேலில் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினோம். ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் என்று எட்டு மாதம் ஓடியது. அந்த எட்டு மாதமும் பன்வேலில் மகள் வீட்டில் இருந்தோம். பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறோம் என்று செம்பூரில் எல்லோரிடமும் சொல்லியிருந்தோம். திரும்பி வந்தபோது அவள் தலையில் விரல் நீளத்துக்குத்தான் முடி இருந்தது. டைஃபாய்டு வந்து கொட்டிவிட்டது என்றோம். மண்டலிப் பெண்கள் ஆளுக்கொரு எண்ணெய் சொன்னார்கள். அடுத்த சனிக்கிழமையே அவள் பழைய இடத்தில் போய் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தாள். இடது கையைத் தூக்க முடியாததால் தாளத்தை வலது கையால் தொடையில் தட்டினாள். அதை நான் மட்டும் கவனித்தேன்.

"ஒருத்தருக்கும் தெரியப்படாது" என்று பரேலுக்குப் போன முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, நாலு பேருக்குச் சொன்னால் நாலு பேர் ஒத்தாசைக்கு வருவார்கள் என்றேன்.

"வெட்கமா?" என்றாள். "அவளுக்கு நாங்க என்ன பண்ணினோம்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். எங்கள் கட்டடத்திலேயே மூன்றாவது மாடியில் இருந்த மாமி அவள். என் மனைவிக்கு முன்னால் மண்டலியில் எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். அவளுக்கு வயிற்றில் வந்தது. வந்தது தெரிந்ததும் எல்லோரும் அவளைத் தாங்கினார்கள். தரையில் உட்கார வேண்டாம் என்று நாற்காலி போட்டார்கள். தொண்டைக்குச் சிரமம் வேண்டாம் என்று பாட்டைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்தவள் என் மனைவி. அந்த மாமி இரண்டு வருடம் நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். "அவ பாட முடியாதுன்னு ஒரு நாளும் சொல்லலை. நாங்களா முடிவு பண்ணினோம். நானும் சரின்னு வாங்கிண்டேன்" என்று என் மனைவி சொன்னாள். அதற்குமேல் நான் வாதம் செய்யவில்லை. சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் புற்றுநோய் விழிப்புணர்வு நடை என்று நோட்டீஸ் வந்தது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் இருக்கிற நாலைந்து தமிழ்ச் சங்கங்கள் சேர்ந்து நடத்துவதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுங்காவில் கிளம்பி தாராவியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் முடிப்பார்கள். வசூலாவது, வெளியூரிலிருந்து பரேலுக்கு வந்து நடைபாதையில் தங்கியிருக்கும் நோயாளிகளுக்குப் போகும் என்றார்கள். மண்டலி மொத்தமும் பெயர் கொடுத்தது. என் மனைவியும் கொடுத்தாள். மூன்றாவது மாடி மாமிக்காக நடக்கப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னாள். அது பொய்யில்லை.

அவளுடைய அடுத்த ஸ்கேனுக்கு அப்போது பத்து நாள் இருந்தது. அவள் அதைப் பற்றிப் பேசவே மாட்டாள். நான் பயந்துகொண்டிருந்தேன். ஒரு வேலையும் ஓடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் கோவிலுக்குப் போய் அவள் பேரில் அர்ச்சனை செய்துவிட்டு, பிரசாதத்தை வழியிலேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவேன். வீட்டுக்குக் கொண்டுவந்தால் எதற்கு என்று கேட்பாள்.

நடை அன்று காலை ஏழு மணிக்கு மாட்டுங்காவில் ஒரு மண்டபத்தின் வாசலில் கூட்டம் நின்றது. வெள்ளை டி-ஷர்ட் கொடுத்தார்கள். மாமிகள் புடவைக்கு மேலேயே அதைப் போட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். நம் ஆட்கள் எதை நடத்தினாலும் முதலில் குத்துவிளக்கு வந்துவிடும். இங்கேயும் மேஜையில் குத்துவிளக்கு எரிந்தது. தன்வந்திரி படம், அதற்கு ஒரு முழம் மல்லிகை, தட்டில் குங்குமம், பக்கத்தில் கற்கண்டு. எல்லாவற்றுக்கும் நடுவில் மேல்பக்கம் கீறல் போட்ட ஒரு மரப்பெட்டி, ஒரு கட்டு சீட்டு. பெண்கள் தண்ணீர் பாட்டில் வாங்க அந்தப் பக்கம் போயிருந்தார்கள். மேஜையில் இருந்த அம்மாள் சீட்டையும் பேனாவையும் என்னிடம் நீட்டி, "யாருக்காக நடக்கறேளோ அவா பேரை எழுதிப் பெட்டியில போட்டுடுங்கோ மாமா" என்றாள்.

சீட்டில் பெயர், வயது, பகுதி, உங்களுக்கு என்ன உறவு என்று நாலு கட்டம். எதிரே விளக்கு, படம், பூ, குங்குமம். நாற்பது வருடமாக அர்ச்சனைச் சீட்டு எழுதின கை. அது என்னைக் கேட்கவில்லை. மனைவியின் பெயரை எழுதினேன். ஐம்பத்தொன்பது என்று எழுதினேன். செம்பூர் என்று எழுதினேன். மனைவி என்று எழுதினேன். நட்சத்திரத்துக்குக் கட்டம் இல்லை. மறந்துவிட்டார்கள்போல என்று நினைத்து, ஓரத்தில் ஹஸ்தம் என்று தெளிவாக எழுதி, நாலாக மடித்துப் பெட்டியில் போட்டேன். நெற்றியில் குங்குமம்கூட இட்டுக்கொண்டேன்.

வாக்குக் கொடுத்தது அப்போது நினைவில் இல்லையா என்று கேட்டால், இருந்தது. இது அதில் சேராது என்று தோன்றியது. கோவிலில் அர்ச்சகர் பெயரையும் நட்சத்திரத்தையும் முணுமுணுவென்று சொல்வார், பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடக் கேட்காது. பெயர் போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும், அவ்வளவுதான். பெட்டியில் போட்ட சீட்டை மனிதர்கள் திறந்து படிப்பார்கள் என்று எனக்கு உறைக்கவே இல்லை. இத்தனைக்கும் ஆபீஸில் வந்த காகிதம் ஒவ்வொன்றும் யார் யார் கண்ணில் படும் என்று கணக்குப் போட்டவன் நான்.

நடக்க ஆரம்பித்தோம். முன்னால் ஒரு நாதஸ்வரம், அதற்கு முன்னால் ஒரு போலீஸ்காரர். மனைவி மண்டலிப் பெண்களோடு முன்னே போனாள், நான் ஆண்களோடு பின்னால். சயானில் ரயில் பாதையைத் தாண்டும் நடைபாலத்தில் கூட்டம் நெருக்கிக்கொண்டு நின்றபோது அவள் திரும்பி, நான் வருகிறேனா என்று பார்த்தாள். கையைக் காட்டினேன். தாராவிக்குள் நுழைந்ததும் கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து மோர் கொடுத்தார்கள். தோல் பைக் கடை வைத்திருந்த ஒரு பாய் எல்லோரையும் கும்பிட்டு, "எங்க உம்மாவுக்கும் இதுதாம்யா" என்றார், யாரும் கேட்காமலே. இவர் மாதிரி நாமும் சொல்லிவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. சொல்வது மகன்தான், நோய் வந்த அம்மா இல்லை என்று நான் யோசிக்கவில்லை.

மைதானத்தில் பந்தல், மேடை, மேடையில் அடுக்கி வைத்த பொன்னாடைகள். நிகழ்ச்சியை நடத்தியவள் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெண், ஐடி கம்பெனியில் வேலை. ஹிந்தியும் தமிழும் கலந்து பேசினாள். அந்த மரப்பெட்டியை மேடைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். "ஒவ்வொரு பேரா படிப்பேன். எல்லாரும் கை தட்டணும். போராடி ஜெயிச்சவங்க இங்க இருந்தா மேல வாங்க, பொன்னாடை இருக்கு, சலோ!" என்றாள்.

நான் மேடைப் பக்கம் ஓடினேன். படிக்கட்டில் தாராவிச் சங்கத்தின் செயலாளர் நின்றிருந்தார். அவருக்கு என்னைத் தெரியும், என் மனைவியையும் தெரியும்.

"என் சீட்டை எடுத்துக் கொடுத்துடுங்கோ" என்றேன்.

"என்ன சார் அவசரம்? எல்லாம் கலந்து கெடக்கு. ஒங்க பேரு வரும், கண்டிப்பா வரும்" என்று என் தோளில் தட்டினார்.

"வரக் கூடாது சார். அதைப் படிக்கக் கூடாது."

நாதஸ்வரக்காரர் அந்த நேரம் பார்த்து வாசித்தார். செயலாளருக்கு என்ன கேட்டதோ, "சரி சார், இங்கனயே நில்லுங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். நின்றேன்.

நிறைய சீட்டுகள் ஆங்கிலத்தில் இருந்தன, அவற்றை அந்தப் பெண் கடகடவென்று படித்தாள். தமிழ்ச் சீட்டு வந்தால் எழுத்துக் கூட்டித்தான் அவளால் முடிந்தது. மூன்றாவது மாடி மாமியின் பெயர் வந்தது. மண்டலிப் பெண்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள், என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னும் ஏழெட்டுப் பெயருக்குப் பிறகு என்னுடையது வந்தது. என் மனைவியின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். ஐம்பத்தொன்பது. செம்பூர். மனைவி. பிறகு சீட்டைத் திருப்பிப் பிடித்து, "ஹஸ்... தம். அரே, நட்சத்திரம்லாம் போட்டிருக்காங்க!" என்றாள். கூட்டம் சிரித்தது. நல்ல சிரிப்புதான், யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. செயலாளர் முகம் மலர்ந்துபோய் மைக்கை வாங்கி, "நம்ம சார் இங்கதான் நிக்காரு! அம்மாவும் வந்திருக்காக, அந்தா நிக்காக பாருங்க!" என்று கையை நீட்டினார். நான் போய் அவர் பக்கத்தில் நிற்காமல் இருந்திருந்தால் அவருக்கு எந்தச் செம்பூர், எந்த மனைவி என்று தெரிந்திருக்காது.

மண்டலிப் பெண்கள் பத்துப் பதினைந்து பேரும் ஒரே சமயத்தில் அவள் பக்கம் திரும்பினார்கள். ஒருத்தி வாயில் கையை வைத்துக்கொண்டாள். ஒருத்தி அவள் கையைப் பிடித்தாள். என் மனைவி அந்தக் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, மேடையைப் பார்த்து, மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டினாள். யாரோ ஒரு பெண்ணுக்குத் தட்டுவதைப்போலத் தட்டினாள். கூட்டம் நிறுத்திய பிறகும் இரண்டு தட்டு தட்டினாள். மேடைக்குப் போகவில்லை. செயலாளரே பொன்னாடையோடு இறங்கிப் போய், டி-ஷர்ட்டுக்கு மேலே போர்த்திவிட்டார். அதை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அவ்வளவு நேரமும் அவள் என்னைப் பார்க்கவில்லை.

செம்பூருக்கு பஸ்ஸில் வந்தோம். பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தோம். நான் சீட்டு, விளக்கு, அர்ச்சனை என்று எல்லாவற்றையும் சொன்னேன். பிரியதர்ஷினி ஸ்டாப் தாண்டும்வரை சொன்னேன்.

"வேணும்னு பண்ணலைன்னு தெரியும்" என்றாள். "வேணும்னு பண்ணியிருந்தா சண்டையாவது போடலாம்."

அடுத்த சனிக்கிழமை பஜனை எதிர் பிளாக்கில். அவள் உள்ளே நுழையும்போதே நாற்காலி போட்டிருந்தார்கள். "கீழ உக்காராதே, மடக்கிண்டு சிரமப்படாதே" என்றார்கள். ஒருத்தி கோதுமைப்புல் சாறு கொண்டுவந்திருந்தாள். சுருதிப் பெட்டிக்கு முன்னால் இன்னொருத்தி உட்கார்ந்திருந்தாள், வயதில் சின்னவள். "நீங்க ரெஸ்ட் எடுங்கோ மாமி, இந்த வாரம் நான் பார்த்துக்கறேன்" என்றாளாம். அடுத்த வாரமும் அவளே பார்த்துக்கொண்டாள். மூன்றாவது சனிக்கிழமை என் மனைவி போகவில்லை. மாலை ஆறு மணிக்கு மாவரைக்கும் கிரைண்டரைப் போட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அன்றும் எதிர் பிளாக்கிலேயே இன்னொரு வீட்டில் பாடுவது கேட்கக் கூடாது என்றுதான் போட்டாள் என்று நினைக்கிறேன்.

நான் சும்மா இருக்கவில்லை. மண்டலியை நடத்துகிற மாமியிடம் தனியாகப் போய், அவளுக்கு ஒன்றும் இல்லை, நன்றாகப் பாட முடியும், அவளைப் பாடச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். "அவ நன்னா இருக்கணும்னுதானே நாங்க இப்படிப் பண்றோம்? உங்களுக்கு ஏன் மாமா கோபம் வரது?" என்று கேட்டுவிட்டு அந்த மாமி அழுதுவிட்டாள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தேன். எல்லோரும் நல்லவர்களாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒருத்தராவது கெட்டவராக இருந்திருந்தால் அவர் தலையில் பாதியைப் போட்டிருப்பேன்.

இதற்கு நடுவில் ஸ்கேனும் நல்லபடியாக வந்தது. டாக்டர் ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். பரேலிலிருந்து திரும்பும்போது எனக்கு ஊரெல்லாம் கூவ வேண்டும்போல் இருந்தது. வாயை மூடிக்கொண்டு வந்தேன். அவளும் மகளைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. நல்லது என்று சொன்னாலும் அதற்கும் ஒரு நாற்காலி போடுவார்கள் என்றாள்.

இரண்டு மாதம் கழித்து, வியாழக்கிழமைகளில் மதியம் மூன்று மணிக்குப் புடவை மாற்றிக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தாள். எங்கே என்று கேட்டதற்கு முதலில், "வெளியில" என்றாள். நானும் விட்டுவிட்டேன். கேட்கிற உரிமையை நான் இழந்துவிட்டதாக எனக்கே தோன்றியது. பிறகு ஒரு நாள் அவளே சொன்னாள். விக்ரோலியில், தொழிற்சாலைகளில் வேலை பார்த்த திருநெல்வேலிக்காரர்கள் கட்டிய ஒரு சின்னப் பிள்ளையார் கோவில். அங்கே வியாழக்கிழமை பஜனை. மருந்துக்கடையில் பார்த்த ஒரு பெண் சொல்லி இவள் போனாளாம். போன இரண்டாவது வாரமே அவளை எடுத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டார்களாம்.

"நான் ஒரு நாள் வந்து கேக்கட்டுமா?" என்றேன்.

காபி டம்ளரை அலம்பிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள்.

"வாங்கோ. ஆனா என்னோட வர வேண்டாம். என் பக்கத்துல உக்கார வேண்டாம். நான் யாருன்னு அங்க யாராவது கேட்டா, உங்களுக்கு என்னைத் தெரியாது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மாத்திரை சாப்பிட்டாச்சா என்று கேட்கிற அதே குரலில் சொன்னாள்.

அந்த வியாழக்கிழமை ஒரே பஸ்ஸில்தான் போனோம். அவள் முன்னால் பெண்கள் இருக்கையில், நான் கடைசி வரிசையில். விக்ரோலியில் இறங்கி, முப்பதடி இடைவெளி விட்டு அவள் பின்னால் நடந்தேன். கோவிலில் முப்பது பேர் இருப்பார்கள். ஆண்கள் பக்கம் சுவரோரமாக உட்கார்ந்தேன். அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நாற்காலி இல்லை. எடுத்துக் கொடுத்தாள். முப்பது பேரும் அவள் வாயைப் பார்த்துக் காத்திருந்து வாங்கிப் பாடினார்கள். வலது கையால் தாளம் போட்டாள். எட்டு மாதத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் அழாதவன் நான், அங்கே உட்கார்ந்து அழுதேன்.

என் வயதுக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தார். நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டுக் காதோரமாகச் சாய்ந்தார்.

"கேட்டீயளா, என்ன கொரலு! ரெண்டு மாசமா வாராக. எங்கேருந்து வாராக, வீட்ல ஆரு இருக்காக, ஒண்ணும் தெரியல. கேட்டா சிரிச்சிக்கிடுதாக. ஒங்களுக்குத் தெரியுமா சார், இவுக ஆருன்னு?"

அவள் அடுத்த வரியை எடுப்பதற்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தாறு வருடம் ஆகிறது.

"தெரியாது" என்றேன்.